முற்றல் கோழியும் வைரம் பாய்ந்த கட்டையும்: ‘டஃப்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கூழாங்கல்
திங்கள், காலை 10.40

வணக்கம். ஓர் ஆங்கில நினைவுக்குறிப்பு நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வட இங்கிலாந்தின் மலைப்பகுதியில் ஆடு வளர்த்துப் பிழைத்த ஒரு குடும்பத்தின் கதை. அதில் வரும் ‘டஃப்’ என்ற சொல் என் உயிரை வாங்குகிறது. முதல் அத்தியாயத்தில் மட்டும் ஒன்பது இடங்களில் இருக்கிறது. முதல் வரைவில் எல்லா இடத்திலும் ‘கடினமான’ என்று போட்டுக்கொண்டே போனேன். நேற்று இரவு உரக்க வாசித்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடினமான கறி, கடினமான குளிர்காலம், கடினமான முடிவு, கடினமான காலணி, கடினமான பாட்டி. ஏதோ கல்குவாரியைப் பற்றிய புத்தகம் போல இருந்தது.

பெரிய முடிச்சு ஒரே ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. முட்டையிடுவதை நிறுத்திவிட்ட கிழட்டுக் கோழியை அடித்துப் பாட்டி சட்டியில் வேக வைக்கிறாள். மூன்று மணி நேரம் ஆகியும் கறி மசியவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு துண்டைக் கடித்துப் பார்க்கிறார். சட்டியையும் பாட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘டஃப் ஓல்டு பேர்ட்’ (டஃபான கிழட்டுப் பறவை) என்கிறார். அது கோழிக்கும் பொருந்தும். எதற்கும் அசையாத கிழவிக்கும் பொருந்தும், அதுவும் பாராட்டாக. தமிழில் அப்படி ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்க வழியுண்டா?

சுருக்கெழுத்து
திங்கள், காலை 11.05

அகராதியில் கடினமான, கடுமையான, உறுதியான, முரட்டுத்தனமான என்று நான்கு பொருள் இருக்கிறது. இடத்துக்கு ஏற்ற ஒன்றை எடுத்துப் போட வேண்டியதுதானே. இதற்கு ஓர் இழையா?

கூழாங்கல்
திங்கள், காலை 11.18

போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் ஐயா. ‘உறுதியான கறி’ என்று எழுதினால் வாசகர் என்னைத்தான் கடிப்பார்.

பட்டறைவாசி
திங்கள், பகல் 1.30

நான் உலோகவியல் படித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் எஃகோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன். இலக்கியம் தெரியாது. ஆனால் இந்தச் சொல்லில் எங்கள் துறைக்கு ஒரு பங்கு இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

பேச்சு வழக்கில் ‘ஹார்ட்’ என்பதும் ‘டஃப்’ என்பதும் அண்ணன் தம்பி போல. எங்கள் பட்டறையில் கிட்டத்தட்டப் பங்காளிகள். ஒரு பொருள் கீறலுக்கும் பள்ளம் விழுவதற்கும் இடம் கொடுக்காவிட்டால் அது ஹார்ட். அடி வாங்கியும், வளைந்தும், நசுங்கியும், உடைந்து போகாமல் இருந்தால் அது டஃப். உடைவதற்கு முன் எவ்வளவு ஆற்றலை உள்வாங்கிக்கொள்கிறது என்பதே கணக்கு. ஊசலாடும் சம்மட்டியால் ஒரு சிறு துண்டை அடித்து அதை அளப்போம். சார்ப்பி சோதனை என்று பெயர். பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் சார்ப்பியின் பெயரால் வந்தது.

கண்ணாடி ஹார்ட், ஆனால் டஃப் இல்லை. வார்ப்பிரும்பும் அப்படித்தான், கீழே போட்டால் பிளந்துவிடும். தேனிரும்பு வளையும், முறியாது. அரிவாள் அடிக்கும் கொல்லருக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் அரிவாளின் வாய் கெட்டியாகும். அப்படியே விட்டால் எலும்பில் பட்டவுடன் சில்லுத் தெறிக்கும். அதனால் மறுபடி இளஞ்சூடு காட்டிக் கொஞ்சம் இளக்குவார். கெட்டித்தன்மையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் முறியாத்தன்மை கிடைக்கும். தொழிலின் சூட்சுமமே அந்தப் பேரத்தில்தான் இருக்கிறது.

1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்து துறையில் நின்றுகொண்டிருந்த ஷெனெக்டடி என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல் அமைதியான தண்ணீரில் இரண்டாகப் பிளந்தது. புயலும் இல்லை, குண்டும் இல்லை. குளிரில் அந்த எஃகும் அதன் பற்றவைப்புகளும் தங்கள் டஃப்னஸை இழந்திருந்தன. கெட்டியாகத்தான் இருந்தது, சொல்லப்போனால் குளிரில் கூடுதல் கெட்டி. ஆனால் தாங்கவில்லை.

ஆகவே உங்கள் பாட்டிக்குக் ‘கடினமான’ என்று போடாதீர்கள். கடினமானவர்கள் உடைந்துபோவார்கள்.

கூழாங்கல்
திங்கள், பகல் 2.02

ஐயா, கடைசி வரியை அச்செடுத்து மேசை மேல் ஒட்டிக்கொள்ளப் போகிறேன்.

அடுப்படி
திங்கள், மாலை 4.15

பட்டறைவாசி ஐயா சொன்ன சோதனையை நான் தினமும் காய்கறிக் கடையில் செய்கிறேன். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்போமே, அதுதான். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு. ஒடியாமல் வளைந்து கொடுத்தால் முற்றல். கடைக்காரர் முறைப்பார், அது வேறு. அப்படியென்றால் முற்றல் வெண்டைக்காய்தான் ஆங்கிலத்தில் டஃப், சரியா?

கறி விஷயத்துக்கு வருகிறேன். சமையலறையில் யாரும் ‘கடினமான கறி’ என்று சொல்வதில்லை. ‘முற்றல் கறி’, ‘சவ்வாக இழுக்கிறது’, ‘ரப்பர் மாதிரி இருக்கிறது’, ‘நார் நாராக இருக்கிறது’ என்போம். நான்கும் ஒன்றல்ல. முற்றல் என்பது ஆட்டின் குற்றம். சவ்வு என்பது வெட்டிக் கொடுத்தவரின் குற்றம். ரப்பர் என்பது பெரும்பாலும் அவசரப்பட்ட சமையல்காரரின் குற்றம். தசைகளைப் பிணைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் ஈரச் சூட்டில் நெடுநேரம் கிடந்தால்தான் இளகிப் பசை போல ஆகும். வயதான பிராணிகளில் அது நன்றாக இறுகியிருக்கும். பெரிய அடுப்பைப் போட்டு அரை மணி நேரத்தில் முடிக்கப் பார்த்தால் வீம்பு பிடிக்கும். இரண்டு துண்டு பப்பாளிக்காய் போட்டால் வழிக்கு வரும். உங்கள் இங்கிலாந்துப் பாட்டிக்குப் பப்பாளிக்காய் கிடைத்திருக்காது, பாவம்.

வடமராட்சியான்
திங்கள், இரவு 8.50

நான் ஜெர்மனியில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறேன். முதலில் ஒரு சிறு குறிப்பு: எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் இதை இறைச்சி என்போம். கறி என்றால் கத்தரிக்காய்க் கறியும் கறிதான். நூல் இலங்கையிலும் விற்பனைக்கு வருமானால் கவனத்தில் வைத்திருங்கள்.

‘டஃப்’ என்பதற்கு ஜெர்மன் மொழியில் ஒரு தம்பி உண்டு. ‘ட்ஸே’ என்று உச்சரிப்பார்கள். இறைச்சிக்கும் அதுதான், பாகு போல மெதுவாக வழியும் திரவத்துக்கும் அதுதான். காரில் வேலைக்குப் போகும்போது வானொலியில் ‘போக்குவரத்து ட்ஸே ஆக ஓடுகிறது’ என்பார்கள். நிற்கவில்லை, ஆனால் தேனில் விழுந்த எறும்பு போல நகர்கிறது என்று பொருள். டச்சு மொழியில் ‘டாய்’. டிசம்பர் தொடக்கத்தில் வரும் சின்டர்கிளாஸ் திருநாளுக்கு ‘டாய்டாய்’ என்றே ஒரு பலகாரம் செய்வார்கள். மென்று முடிப்பதற்குள் தாடை வலிக்கும்.

இந்த உறவினர்களைப் பார்த்தால் சொல்லின் பழைய முகம் தெரிகிறது. ‘கஷ்டம்’ என்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அடியில் இருப்பது இழுவை. பிய்க்க வராத தன்மை.

ஓர் அருவருப்பான உதாரணமும் நினைவுக்கு வருகிறது. 1935 இல் நியூரம்பெர்க்கில் ஹிட்லர் தன் இளைஞர் படையிடம் வேட்டை நாயின் வேகம், தோலின் ‘ட்ஸே’, குருப் ஆலை எஃகின் ‘ஹார்ட்’ என்று மூன்றையும் கேட்டான். தோலுக்கு ஒரு சொல், எஃகுக்கு வேறு சொல். பட்டறைவாசி ஐயா சொன்ன பிரிவினை அந்த மேடையிலும் பிசகவில்லை.

இலக்கணப்பித்தன்
செவ்வாய், காலை 7.20

வடமராட்சியான் சொன்னது சரியான பாதை. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘டோஹ்’ என்பது போல ஒலித்தது. கடைசியில் இருந்தது தொண்டையில் உரசும் ஒலி. எழுத்தில் அதைக் காட்டத்தான் பிற்காலத்தில் ஜி, ஹெச் என்ற இரண்டு எழுத்துகளை ஒட்டவைத்தார்கள். பிறகு ஒலி மாறிவிட்டது, எழுத்து மட்டும் பிடிவாதமாக நின்றுவிட்டது. ‘டஃப்’, ‘ரஃப்’, ‘இனஃப்’ ஆகியவற்றில் அந்த உரசல் உதட்டுக்கு வந்து ‘ஃப்’ ஆகிவிட்டது. ‘தோ’, ‘த்ரூ’, ‘பௌ’ ஆகியவற்றில் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போய்விட்டது. அதனால்தான் ஒரே நான்கெழுத்து வாலை வைத்துக்கொண்டு ஆறேழு விதமாக உச்சரித்து நம் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். நமக்கு மட்டும் ஒரு வேடிக்கை: தமிழில் எழுதும்போது நாம் அந்த இடத்தில் ஆய்தத்தை வைக்கிறோம். காணாமற்போன உரசலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நினைவுக்கல் நட்டது போல.

இன்னொன்று. ஆங்கில வாக்கிய அமைப்பில் ‘டஃப் நகர்வு’ என்றே ஒரு கலைச்சொல் உண்டு. ‘இந்தப் பாட்டியை ஏமாற்றுவது கடினம்’ என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில், பாட்டியை எழுவாயாக்கி, ‘பாட்டி ஏமாற்றக் கடினமானவள்’ என்கிற அச்சில் சொல்லலாம். ஏமாற்றப்படுகிறவள் வாக்கியத்தின் தலைமேல் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். இதில் 1960களில் சாம்ஸ்கி முதலிய மொழியியலாளர்கள் நிறைய மல்லுக்கட்டினார்கள். தமிழில் இது நடக்காது. ‘பாட்டி ஏமாற்றுவது கடினம்’ என்று எழுதினால் பாட்டி யாரையோ ஏமாற்றப் போகிறாள் என்று ஆகிவிடும். கூழாங்கல், உங்கள் நூலில் இந்த அமைப்பு வரும் இடமெல்லாம் ‘ஐ’ உருபைத் தொலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடமராட்சியான்
செவ்வாய், காலை 9.05

மன்னிக்க வேண்டும், நடக்காது என்று எப்படிச் சொல்வீர்கள்? ‘வெல்லுதற்கு அரியவன்’ என்கிறோமே. வெல்லப்படுகிறவன்தானே அங்கே தலைமேல் உட்கார்ந்திருக்கிறான்? ‘அணுகுதற்கு அரியவர்’, ‘காண்பதற்கரிய காட்சி’. குறளில் 26 ஆவது, ‘செயற்கரிய செய்வார் பெரியர்’. செய்வதற்கு எவை அரியவையோ அவை. இது உங்கள் நகர்வு இல்லையா?

இலக்கணப்பித்தன்
செவ்வாய், காலை 9.40

மாட்டிக்கொண்டேன். நீங்கள் சொல்வது சரி. திருத்திச் சொல்கிறேன்: ‘கடினம்’ என்ற சொல்லோடு அந்த அமைப்பு ஒட்டவில்லை, ‘அரிய’ என்பதோடு ஒட்டுகிறது. ‘வெல்லக் கடினமானவன்’ என்பது என் காதில் கல்லாக விழுகிறது. ‘வெல்லுதற்கு அரியவன்’ வழுக்கிக்கொண்டு போகிறது. கடினம் வடமொழியிலிருந்து வந்த விருந்தாளி, கஷ்டமும் சிரமமும் அப்படித்தான். அரிது வீட்டுப் பிள்ளை. வீட்டுப் பிள்ளைக்கு எந்த அறையில் எது இருக்கிறது என்று தெரியும் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இரண்டு உதாரணங்களை வைத்துக்கொண்டு கொள்கை வகுக்கக் கூடாது என்று என் ஆசிரியர் அடிப்பார்.

நாளிதழ்க்காரன்
செவ்வாய், பகல் 12.30

செய்தி மேசையில் இருபது ஆண்டுகள் கழித்தவனின் ஒப்புதல் வாக்குமூலம்: எங்களுக்கு எல்லாமே ‘கடும்’. கடும் கண்டனம், கடும் நடவடிக்கை, கடும் போட்டி, கடும் வெயில். நேரம் இல்லாதபோது கை தானாகப் போகும்.

ஆனால் ஒரு நுட்பத்தை மட்டும் அங்கே கற்றுக்கொண்டேன். ஆங்கில அரசியல்வாதிகள் ‘டஃப் டெசிஷன்ஸ்’ என்று அடிக்கடி சொல்வார்கள். இதைக் ‘கடினமான முடிவு’ என்று போட்டால் முடிவெடுத்தவர் பாவம், தூக்கமில்லாமல் தவித்தார் என்று பொருள். ‘கடுமையான முடிவு’ என்று போட்டால் அடி யாருக்கு விழப்போகிறதோ அவர்கள் பக்கம் நின்று பேசுவதாகிவிடும். ஆங்கிலச் சொல் இந்த இரண்டையும் ஒரே போர்வைக்குள் போட்டு மூடிவிடுகிறது. மானியத்தை வெட்டியவரும் தன்னை நினைத்தே கண்ணீர் விடலாம். தமிழில் எழுதும்போது யார் பக்கம் என்று தீர்மானிக்காமல் ஒரு வரி நகராது. எனக்குத் தமிழின் இந்தக் குணம் பிடிக்கும், ஆசிரியருக்குப் பிடிக்காது.

அதேபோல, பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான டோனி பிளேர் 1993 இல், எதிர்க்கட்சியில் இருந்தபோது, குற்றத்தின் மீதும் டஃப், குற்றத்தின் காரணங்கள் மீதும் டஃப் என்று சொன்னது புகழ்பெற்றது. முதல் பாதிக்கு எங்களிடம் ‘இரும்புக்கரம் கொண்டு ஒடுக்குவோம்’ என்று தயாராக ஓர் அச்சு இருக்கிறது. இரண்டாம் பாதியில் இரும்புக்கரம் திகைத்து நிற்கும். குற்றத்தின் காரணம் வறுமை என்றால், வறுமையை இரும்புக்கரம் கொண்டு ஒடுக்குவது ஏழையை ஒடுக்குவது போலத் தொனிக்கும். ‘குற்றத்தையும் விடமாட்டோம், அதன் வேரையும் விடமாட்டோம்’ என்றுதான் நான் எழுதுவேன். விடமாட்டோம் என்பதில் அந்தப் பிடி இருக்கிறது.

தேர்வறை
செவ்வாய், மாலை 5.10

நான் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கு இந்தச் சொல்லின் பொருள் ஒன்றே ஒன்றுதான்: கேள்வித்தாள். ‘பேப்பர் டஃப்’ என்றால் அன்றைக்கு யாரும் யாரோடும் பேசமாட்டார்கள்.

ஒரு சந்தேகம். ‘அவன் இவனுக்கு டஃப் கொடுத்தான்’ என்று எல்லாரும் சொல்கிறோமே, அது ஆங்கிலத்தில் உண்டா?

இலக்கணப்பித்தன்
செவ்வாய், மாலை 5.45

இல்லை தம்பி. அது நாம் பெற்ற பிள்ளை. ஆங்கிலத்தில் டஃபான போட்டியைக் கொடுக்கலாம், டஃபை மட்டும் தனியாகக் கொடுக்க முடியாது. நாம் பின்னால் இருந்த பெயர்ச்சொல்லை வெட்டிவிட்டு உரிச்சொல்லையே பெயராக்கிவிட்டோம். ஆங்கிலேயரிடம் சொன்னால் எதைக் கொடுத்தான் என்று கேட்பார்.

நாளிதழ்க்காரன்
செவ்வாய், மாலை 6.00

அதற்கு ‘ஈடுகொடுத்தான்’ என்ற அருமையான சொல் இருக்கிறது. விளையாட்டுப் பக்கத்தில் நான் மூட்டை மூட்டையாகப் பயன்படுத்தியிருக்கிறேன். கொடுத்தான் என்ற வினைகூட மாறவில்லை பாருங்கள். டஃப் கொடுத்தான் என்று சொல்லும்போது நம் காதுக்குள் ஈடுகொடுத்தான் ஓடிக்கொண்டிருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பட்டறைவாசி
செவ்வாய், இரவு 7.30

‘வைரம் பாய்ந்த கட்டை’ என்பதை இன்னும் யாரும் சொல்லவில்லையே? எங்கள் ஊரில் எண்பது வயதிலும் வரப்பில் நடக்கிற பெரியவரை அப்படித்தான் சொல்வார்கள். பாட்டிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

இதில் எனக்கு ஒரு தொழில்முறை மகிழ்ச்சியும் உண்டு. நகைக்கடை வைரம், கெட்டித்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் 10, அதற்கு மேல் எண் கிடையாது. ஆனால் டஃப் இல்லை. தகுந்த தளத்தில் ஒரு தட்டுத் தட்டினால் பிளந்துவிடும், பட்டை தீட்டுபவர்கள் அதை வைத்தே பிளக்கிறார்கள். மரத்தின் வைரம் அப்படியல்ல. நடுக்கட்டையில் ஆண்டுக்கணக்கில் இறுகிய இழைகள். கோடரியைத் திருப்பி அனுப்பும். ஒரே சொல், ஒன்று ஹார்ட், மற்றது டஃப்.

அதே வேகத்தில் இன்னொன்று: பஸ் ஜன்னலுக்கும் கைப்பேசித் திரைக்கும் வைக்கிறோமே, அதை அமெரிக்கர் ‘டெம்பர்டு’ கண்ணாடி என்பார், பிரிட்டிஷார் ‘டஃபன்டு’ கண்ணாடி என்பார். பஸ் ஜன்னல் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிக் காற்றைப் பீய்ச்சி மேற்பரப்பைச் சட்டென்று குளிர்விப்பார்கள். உள்பகுதி பிறகு சுருங்கும்போது மேல்தோல் இறுக்கி அழுத்தப்பட்டுவிடும். அந்த இறுக்கம்தான் காப்பு. மீறி உடைந்தால் சர்க்கரைக் கட்டி போலச் சிதறும், கத்தி போல நீட்டிக்கொண்டு நிற்காது.

அடுப்படி
செவ்வாய், இரவு 8.10

ஐயா, வைரம் பாய்ந்த கட்டை நல்ல சொல்தான். ஆனால் சட்டிக்குள் கட்டை எப்படி வரும்? கோழி காணாமற்போய்விடுகிறதே.

மட்டுறுத்துநர்
செவ்வாய், இரவு 8.30

கண்ணாடித் தொழில்நுட்பத்துக்குத் தனி இழை இருக்கிறது. கைப்பேசித் திரை வாங்கலாமா என்று கேட்டு வந்த மூன்று பதிவுகளை அங்கே மாற்றிவிட்டேன். கேள்வி ‘டஃப் ஓல்டு பேர்ட்’.

கூழாங்கல்
புதன், காலை 10.15

நன்றி. இதுவரை கிடைத்ததை வைத்து உட்கார்ந்ததில் ஒன்பதில் ஐந்து இடங்கள் கரையேறிவிட்டன. குளிர்காலம் ‘கொடிய குளிர்காலம்’ ஆகிவிட்டது. தாத்தா ஆடுகளை விற்றது ‘கசப்பான முடிவு’. நாளிதழ்க்காரன் சொன்னபடி யார் பக்கம் என்று யோசித்ததில், அங்கே தாத்தாவுக்கும் வலி, ஆடுகளுக்கும் வலி, ஆகவே கசப்பு. சந்தையில் திரியும் ‘டஃப்’கள் அடியாட்கள் ஆகிவிட்டார்கள்.

இரண்டு புதிய தொல்லை. அம்மா ஓரிடத்தில் மகனிடம் வெறுமனே ‘டஃப்’ என்று மட்டும் சொல்கிறாள். மகன், எனக்கு மழையில் போகப் பிடிக்கவில்லை என்கிறான், அவள், ‘டஃப்’. முற்றுப்புள்ளி. இன்னொன்று, பிற்பகுதியில் தம்பி குடிக்கு அடிமையாகி வரும்போது பாட்டி காட்டுவது ‘டஃப் லவ்’. அதற்கு ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று பழமொழி போட்டிருக்கிறேன்.

வடமராட்சியான்
புதன், காலை 11.00

முதலாவதற்கு: ‘அது உன் பாடு.’ எங்கள் அம்மா சொல்வது அதைத்தான். ‘போதாத காலம்’ என்று போட்டுவிடாதீர்கள், அதில் இரக்கம் இருக்கிறது. ஆங்கில அம்மாவிடம் அந்த நேரத்தில் இரக்கம் இல்லை, குடையும் இல்லை.

அடுப்படி
புதன், காலை 11.40

இரண்டாவதற்குப் பழமொழி வேண்டாம் என்பேன். பாட்டி பேரனை அடித்தாளா?

கூழாங்கல்
புதன், காலை 11.52

இல்லை. பணம் கேட்டு வந்தபோது கதவைத் திறக்கவில்லை. ஆனால் படியில் சாப்பாடு வைத்திருந்தாள்.

அடுப்படி
புதன், பகல் 12.20

பிறகு எதற்கு அடிக்கிற கை? என் தம்பி குடித்துக் கெட்ட காலத்தில் எங்கள் அம்மா செய்ததும் இதுதான். கை நீட்டியதில்லை. கடன்காரன் வந்தபோது ஒரு ரூபாய் எடுத்துக் கொடுக்கவில்லை. உறவு முழுவதும் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றது. கல்நெஞ்சு என்பது ஹார்ட். அம்மாவுடையது அதுவல்ல, ஒவ்வொரு ‘மாட்டேன்’ சொல்லும்போதும் உள்ளே இழுபட்டது எனக்குத் தெரியும். இழுபட்டும் அறவில்லை. ‘மனத்தைக் கட்டிக்கொண்டு’ என்போம் இல்லையா, ‘மனத்தைக் கட்டிக்கொண்டு காட்டிய பாசம்’ என்று எழுதிப் பாருங்கள். நீளம்தான். ஆனால் பொய் இல்லை.

கூழாங்கல்
புதன், பகல் 12.31

அக்கா, இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

இலக்கணப்பித்தன்
புதன், மாலை 4.00

எதிர்ச்சொல் வழியாகவும் போய்ப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் ‘டஃப்’ என்பதன் எதிர் ‘டெண்டர்’, அதாவது இளசு, மென்மை. கறியிலும் அதுதான், மனத்திலும் அதுதான். அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் 1907 இல் வெளியான சொற்பொழிவுகளில் தத்துவவாதிகளையே டெண்டர் மனத்தினர், டஃப் மனத்தினர் என்று இரண்டு கட்சியாகப் பிரித்தார். உண்மைத் தகவல்களை மட்டும் நம்பி முட்டி மோதுகிறவர்கள் இரண்டாம் கட்சி. தமிழில் பிஞ்சுக்கு எதிர் முற்றல். ‘பிஞ்சு மனம்’ என்கிறோம், ஆனால் ‘முற்றல் மனம்’ என்று யாரும் சொல்வதில்லை. பாதி வழியில் பாலம் நின்றுவிட்டது. முற்றிய அறிவு, முதிர்ந்த மனம் என்று போனால் அது ஞானம்; டஃப் அல்ல.

‘முற்றல் கோழி’ என்று பாட்டியைச் சொன்னால் பண்ணைக்காரருக்குக் கரண்டி அடி விழும். ஆகவே அந்தப் பக்கமும் வழியில்லை.

தேர்வறை
புதன், மாலை 5.20

‘பருப்பு வேகாது’ என்கிறோமே, அது சரிவருமா? சமையலும் வருகிறது, விட்டுக்கொடுக்காமையும் வருகிறது.

நாளிதழ்க்காரன்
புதன், மாலை 5.35

கிட்டே வந்துவிட்டாய் தம்பி, ஆனால் திசை தவறு. ‘உன் பருப்பு என்னிடம் வேகாது’ என்றால் வேகாதது ஏமாற்ற வந்தவனின் பருப்பு. இங்கே வேகாதது பாட்டியே.

சுருக்கெழுத்து
புதன், மாலை 6.05

கூழாங்கல்லின் முதல் பதிவை மறுபடி வாசிக்கவும். ‘மூன்று மணி நேரம் ஆகியும் கறி மசியவில்லை.’

மசிதல். கீரை மசியும். ‘அவன் எதற்கும் மசியமாட்டான்.’

கூழாங்கல்
புதன், மாலை 6.11

ஐயோ.

கூழாங்கல்
புதன், மாலை 6.40

அவர் ஒரு துண்டைக் கடித்தார். சட்டியைப் பார்த்தார், பிறகு பாட்டியைப் பார்த்தார். “கிழடு,” என்றார், “லேசில் மசியாது.”

இரண்டு நாளாக என் கண்ணெதிரே கிடந்திருக்கிறது. சுருக்கெழுத்து ஐயா, உங்களைப் பற்றி நினைத்ததையெல்லாம் திரும்பப் பெறுகிறேன்.

அடுப்படி
புதன், இரவு 7.15

நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு முணுமுணுப்பு: கறி வேகும், கீரையும் பருப்பும்தான் மசியும். எங்கள் வீட்டில் கறி மசிந்தது என்றால் அடிப்பிடிக்கும் அளவுக்குக் கிண்டிவிட்டார்கள் என்று பொருள்.

வடமராட்சியான்
புதன், இரவு 7.40

மூன்று மணி நேரம் வேக வைத்தவருக்கு அது மசிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கத்தான் செய்யும் அக்கா. விட்டுவிடுங்கள். ‘கிழடு’ என்பதில் மரியாதை குறைகிறதே என்றுதான் நான் யோசிக்கிறேன். ‘மசியாது’ என்று அஃறிணை முடிபு வேறு.

இலக்கணப்பித்தன்
புதன், இரவு 8.00

அந்த அஃறிணைதான் கோழிக்கும் பாட்டிக்கும் நடுவே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ‘மசியமாட்டாள்’ என்றால் கோழி செத்துவிடும். செத்த கோழிதான், இருந்தாலும்.

பட்டறைவாசி
புதன், இரவு 8.25

எனக்கு ஆட்சேபமில்லை. மசியாதது என்றால் நசுக்கியும் உருவம் குலையாதது. சோதனைக் கூடத்தில் வைத்தாலும் பொருள் நிற்கும். என் வைரம் பாய்ந்த கட்டையை வேறு அத்தியாயத்தில் எங்கேனும் செருகிவிடுங்கள்.

கூழாங்கல்
புதன், இரவு 9.10

தாத்தாவுக்கு வைத்திருக்கிறேன் ஐயா, ஏழாம் அத்தியாயத்தில். இப்போது மீதமிருப்பது காலணி ஒன்றுதான். பாட்டி சந்தையில் வாங்கிய டஃபான காலணி, பதினோரு குளிர்காலம் போட்டாள் என்று வருகிறது. ‘உறுதியான காலணி’ என்று போட்டால் இலக்கணப்படி தவறில்லை, ஆனால் விளம்பரப் பலகை போல இருக்கிறது.

சுருக்கெழுத்து
புதன், இரவு 9.22

‘நன்றாக உழைக்கிற காலணி.’ செருப்பு உழைக்கும் என்று என்னிடம் இருக்கும் அகராதியில் இல்லை. செருப்புக் கடையில் இருக்கிறது.